நாலு பேர் சகன்

திண்டுக்கல் பேகம்பூரில், தோல் வியாபாரி மீரான் வீட்டுக்குள் நேரே அடுக்களை வரைக்கும் போகிற உரிமை வெளியாட்களில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் செபாஸ்தியம்மாள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். வெள்ளைச் சேலையும் கையில் பையுமாக அவள் தெருவுக்குள் நுழைந்தால், வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிற ஆட்கள்கூட ‘சிஸ்டர் வாராக’ என்று நகர்ந்து வழிவிடுவார்கள்.

மீரானின் மனைவி சர்புன்னிசா மட்டும் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை. மூத்தவள் அஜீஸுன்னிசா தலை திரும்பாமல் இரண்டு நாள் இழுத்தடித்துப் பிறந்தபோது, “கத்துடி, நல்லாக் கத்து, நான் பாத்துக்கிறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு கூடவே கிடந்தவள் அவள். அன்றிலிருந்து அவள் இவளுக்கு செபஸ்தி, இவள் அவளுக்கு சர்பு. நீ, வா, போதான். பெருநாளைக்கு இங்கிருந்து பிரியாணி போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து அச்சு முறுக்கு வரும்.

செம்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது சர்புன்னிசா ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். அவளைப் பெற்ற அத்தாவுக்கு செம்பட்டி முக்கில் காய்கறிக் கமிஷன் கடை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தே வளர்ந்த பெண். டவுன் வீட்டில் தண்ணீர் கொண்டுவர ஒரு ஆள், மாவாட்ட ஒரு ஆள், கடைக்குப் போக ஒரு ஆள் இருந்தார்கள். அவள் வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் தலையும் முகமும் மூடத் துப்பட்டி போட்டு, துணைக்கு ஆள் பார்த்து, கணவனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்குச் சோம்பியே போகமாட்டாள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நெய்யும் முட்டையும் சாயாவில் பாதி சீனியுமாகக் கொடுத்தார்கள். ஏறின உடம்பு இறங்கவில்லை. “தோல் ஷாப்புக்காரர் வீட்டுப் பொம்பளைன்னா இப்படித்தான் தளதளன்னு இருக்கணும்” என்று சொந்தக்காரர்கள் பெருமையாகத்தான் சொன்னார்கள். அவளும் ரொம்ப நாள் அதைப் பெருமையென்றே நினைத்திருந்தாள்.

பிறகு ஜமால் போனான். அவளுடைய மூன்றாவது பிள்ளை. தத்தித் தத்தி நடந்து, “இம்மா, இம்மா” என்று பின்னாலேயே திரிகிற வயதில் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. மத்தியானத்தில் அவனைத் தூங்க வைப்பதற்காக, மற்ற பிள்ளைகள் பங்குக்கு வந்துவிடாமல் சாமான் அறைக்குள் கூட்டிப் போய், துருவிய தேங்காயில் வெல்லத்தைப் பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டுவாள். அவன் போன பிறகும் வீடு தூங்குகிற அந்த நேரம் வந்தால் அவள் கால் சாமான் அறைக்குத்தான் போகும். தேங்காயைத் துருவுவாள், வெல்லத்தை உடைப்பாள், இருட்டுக்குள் உட்கார்ந்து தின்பாள். ருசி தெரியாது. வயிறு கனத்து மூச்சு முட்டுகிறவரை தின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள்.

இது வருஷக்கணக்கில் நடந்தது. மீரானுக்குத் தெரியாது. கூடவே இருந்த நாத்தனார் ஷரீஃபாவுக்கும் தெரியாது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு நாள் செபாஸ்தியம்மாளிடம் சொன்னபோது, அவள் நாடி பிடித்துப் பார்த்து, “சகன் தாம்பாளத்துல கூட உக்காந்து பாக்குறேன், நீ கோழி கொத்துற மாதிரித்தான் திங்குற. அப்புறம் எங்கிட்டுருந்து புள்ள இந்த உடம்பு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த அக்கறைக்குச் சர்புன்னிசா உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். செபாஸ்தியம்மாளும் சேர்ந்து அழுதாள்.

“யாருகிட்டயும் சொல்லிராத செபஸ்தி. பிள்ளையப் பறிகொடுத்துட்டு ஒளிஞ்சு திங்கிறான்னு பேசுவாக.”

“மாதா மேல சத்தியமா என் வாயிலிருந்து வராது.”

அதற்குப் பிறகு அவள் வந்தால் பெரும்பாலும் மத்தியான நேரமாகப் பார்த்து வருவாள். பேசிக்கொண்டே இருப்பாள். அந்த நாட்களில் சர்புன்னிசா சாமான் அறைக்குப் போவதில்லை.

அறுபத்தைந்தில், அரிசிக்கு ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்த சமயம், மிஸ் ஹார்வுட் என்றொரு அமெரிக்கக்காரி திண்டுக்கல்லுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்காரியும் இல்லை, வேதம் சொல்ல வந்தவளும் இல்லை. எந்தெந்த நாட்டில் ஒரு ஆள் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறான், அந்த ஆளின் எடை எவ்வளவு என்று நாடு நாடாகப் போய்ப் பார்க்கிற ஆராய்ச்சி அவளுக்கு. தராசும் காமிராவும் ஜீப்பில் கூடவே வரும். கிராமங்களுக்குப் போக, பெண்களிடம் பேச, ஒரு ஆள் வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி ட்ரெயினிங்கில் இங்கிலீஷ் பழகியிருந்த செபாஸ்தியம்மாள் கிடைத்தாள்.

அந்த மாதங்களில் செபாஸ்தியம்மாளின் முகமே மாறிப்போயிருந்தது. சர்புன்னிசாவிடம் வந்து கதை கதையாகச் சொல்வாள்.

“அமெரிக்காவுல ஒரு ஆளுக்கு வைக்கிற கறித்துண்ட போட்டோவுல பாத்தேன் சர்பு, நம்ம வீட்டுல ஒரு குடும்பத்துக்குக் காணும். அதத் தின்னுட்டு மோட்டார்லயே போறாக, மோட்டார்லயே வாராக. ஆளு ஒண்ணொண்ணும் அண்டா கணக்கா இருக்கு. ஜப்பான்ல பாரு, கைக்குள்ள அடங்குற கிண்ணம். நண்டுஞ்சிண்டுமா நாலு கிண்ணம் வைப்பாகளாம், அம்புட்டுத்தான்.”

“நம்ம ஊர்ல?”

“ஆத்தூர்ல கருப்பம்மாள்னு ஒருத்தி, நடவுக்குப் போறவ. அவ தட்டுல வைக்கிற சோளச்சோறு குண்டான் கவுத்தாப்புல இருக்கு. அந்தம்மா பாத்துட்டு அசந்துருச்சு. ஆனா கருப்பம்மாள தராசுல ஏத்துனா முள்ளு நகரவே மாட்டேங்குது. எலும்பும் தோலுமா இருக்கா. வெஞ்சனம்னு ஒரு பச்ச மொளகா. பொழுதன்னைக்கும் குனிஞ்ச வேலை.”

“அப்ப தட்டு பெருசா இருந்தா ஆளு பெருசா இருக்கணும்னு இல்ல.”

“அதத்தான் அந்தம்மா மண்டையப் போட்டு ஒடைக்குது” என்று சிரித்தாள் செபாஸ்தியம்மாள். பிறகு சேலை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள். “சர்பு, நம்ம பக்கத்துல கொஞ்சம் பூசுனாப்புல இருக்கிற ஆளு ஒண்ணையும் பாக்கணுங்குது. ஒரு நாளு கூட்டியாரவா? பொம்பளதான். நம்மளோட உக்காந்து பாத்துட்டுப் போயிரும்.”

“போட்டோ எடுப்பாகளா?”

“எடுத்தாலும் ஆராய்ச்சிக்குத்தான். எந்த ஆம்பள கண்ணுலயும் படாது. நான் இருக்கேன்ல?”

சர்புன்னிசா போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்தில்கூட இல்லை. ஆனால் ‘நான் இருக்கேன்ல’ என்று செபாஸ்தியம்மாள் சொன்ன பிறகு அவளுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அஜீஸுன்னிசா தலை திரும்பாமல் கிடந்த நாளில் கேட்ட அதே வார்த்தை அது.

விருந்தாளி வருகிறாள் என்று ஷரீஃபா ஆட்டுக்கறிக் குழம்பாக ஆணமும் நெய்ச்சோறும் ஆக்கினாள். அரிசி கிடைக்காத காலத்திலும் மீரான் எங்கிருந்தோ சீரகச்சம்பா வாங்கி அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் பெண்கள் சகனில்தான் சாப்பிடுவார்கள். சகன் என்றால் ஈயம் பூசிய பெரிய வட்டத் தாம்பாளம். நடுவில் சோற்றைக் குவித்து, அதன் மேலே கறியை வைத்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிட வேண்டியது. மிஸ் ஹார்வுட் தனக்குத் தனித் தட்டும் கரண்டியும் போதும் என்றுவிட்டாள். சர்புன்னிசா, ஷரீஃபா, அஜீஸுன்னிசா மூன்று பேருக்கும் நாலாவதாக, எப்போதும்போலச் செபாஸ்தியம்மாளுக்கும் இடம் இருந்தது.

சகனை நிறுத்துப் பார்த்த பிறகு, உட்காருவதற்கு முன்னால், சர்புன்னிசாவை மட்டும் அதன் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் படம் எடுத்தாள் மிஸ் ஹார்வுட். காமிராவின் பளீர் வெளிச்சத்தில் சர்புன்னிசாவுக்குக் கண் கூசியது. மிஸ் ஹார்வுட் சகனைக் காட்டி, பிறகு சர்புன்னிசாவைக் காட்டி, இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். செபாஸ்தியம்மாள் சகனை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டி ஒரே வார்த்தையில் சொன்னாள். மிஸ் ஹார்வுட் புருவத்தைத் தூக்கினாள்.

“என்னா கேக்குறாக?”

“மணமா இருக்குதாம். இது உங்க வீட்டுச் சாப்பாடான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.”

அதற்குள் ஜீப்காரன் வாசலில் வந்து, சப்-கலெக்டர் ஆபீஸில் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினான். மிஸ் ஹார்வுட் ரெண்டு வாய் நெய்ச்சோறு தின்றுவிட்டு, கைகூப்பிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகுதான் நாலு பேரும் சகனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆணம் நன்றாக அமைந்திருந்தது. செபாஸ்தியம்மாள் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “ஷரீஃபா, ஒன் கைக்கு வளையல் போடணும்” என்றாள்.

தை பிறந்ததும் மலைக்கோட்டைக்குக் கீழே மைதானத்தில் கண்காட்சி போட்டார்கள். ராட்டினமும் மிட்டாய்க் கடையுமாக ஊரே அங்கேதான் கிடந்தது. பெண்களுக்கு மட்டும் என்று ஒரு சாயங்காலத்தை ஒதுக்கினார்கள். “மதினி, இந்த ஒரு நாளாவது வாங்களேன், செபஸ்தி அக்காவே ஒரு கொட்டகையில நின்னு பேசுறாகளாம்” என்று ஷரீஃபா நச்சரித்தாள். செபாஸ்தியம்மாள் தன்னிடம் அதைச் சொல்லவில்லையே என்று சர்புன்னிசாவுக்குத் தோன்றத்தான் செய்தது. கொஞ்ச நாளாக அவள் வரவேயில்லை. வேலை அதிகமாயிருக்கும், திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்தக் கொட்டகையின் முன்னால் கூட்டம் நெரிந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்க்கிற பெண்களுக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். ‘உலகம் உண்ணும் தட்டு’ என்று மேலே எழுதியிருந்தது. அதன் கீழே ஆள் உயரப் படங்கள் வரிசையாக நின்றன. கறித்துண்டின் முன்னால் அமெரிக்கக்காரன், கிண்ணங்களின் முன்னால் ஜப்பான்காரி, சோளச்சோற்றின் முன்னால் கருப்பம்மாள். அதற்கடுத்த படத்தில் சர்புன்னிசா இருந்தாள்.

கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். அது எதற்கு? கழுத்து அவளுடையது, தோடு அவளுடையது, புடவை அவளுடையது. பின்னால் தெரிந்த பச்சைக் கதவு மீரான் வீட்டுக் கதவு. பேகம்பூரில் யாருக்குத் தெரியாது? பக்கத்தில் சகன், குவித்த சோறோடு. கீழே கொட்டை எழுத்தில் இருந்ததை ஷரீஃபா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘ஒரு பெண் ஒரு வேளைக்கு உண்பது.’

“மதினி... இது நாலு பேரு சகனுல்ல” என்றாள் ஷரீஃபா.

படங்களுக்கு முன்னால் கையில் பிரம்போடு நின்று பேசிக்கொண்டிருந்தவள் செபாஸ்தியம்மாள். புதுச் சேலை. பிரசவம் பார்க்கும்போது பேசுகிற குரல் இல்லை அது, மேடைக் குரல்.

“...ரேஷன் கடையில ஒரு படி அரிசிக்கு நீங்கள்லாம் வரிசையில நிக்கிறீங்க. இந்தம்மாவுக்கு ஒரு வேளைக்கு இம்புட்டு. ஆத்தூர்க்காரம்மா சோறு நெறைய திங்கிறாங்க, ஆனா மாடா ஒழைக்கிறாங்க. இந்தம்மா எடுத்து வைக்கிற அடி, அடுக்களைக்கும் கட்டிலுக்கும்தான். அதோட போச்சா? மத்தியானம் வீடே தூங்குனப்புறம் சாமான் ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, தேங்காயத் துருவி வெல்லத்தப் போட்டு, மூச்சு முட்டுற வரைக்கும்...”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “அடி ஆத்தே, ஒளிஞ்சு வேறயா!” என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

சர்புன்னிசாவின் காதுக்குள் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போனது. சகனைப் பற்றிய பொய் நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் இது அறை இல்லை. யாருமே பார்த்திராத இடத்தில் கையை விட்டு, உள்ளே இருந்ததை எடுத்துத் தெருவில் போட்ட மாதிரி இருந்தது. ஷரீஃபா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க மதினி, போயிருவோம்.” சர்புன்னிசா நகரவில்லை. அவள் உடம்புக்கு வழிவிட்டுப் பெண்கள் தாமாகவே விலகினார்கள். படத்துக்கு முன்னால் போய் நின்று, தலைத் துப்பட்டியைத் தள்ளி முகத்தைத் திறந்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இது நான்தான்” என்றாள். “இது எங்க வீட்டுச் சகன். நாலு பேரு சாப்பிடுறது. ஒண்ணு நானு. ஒண்ணு இந்தா நிக்கிறா ஷரீஃபா. ஒண்ணு எம்மக. நாலாவது ஆளு இந்தா, குச்சியும் கையுமா நிக்கிறாளே, இவதான். கேளுங்க, அன்னைக்கு எலும்பு உறிஞ்சுனாளா இல்லையான்னு.”

எல்லார் கண்ணும் செபாஸ்தியம்மாள் பக்கம் திரும்பியது. அவள் முகம் வெளுத்துப்போனது. பிரம்பைக் கீழே வைக்கப் போய், மறுபடி இறுக்கிப் பிடித்தாள். “சர்பு, நீ இங்க எப்படி...” என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் ஒருத்தி, “அப்ப சிஸ்டரு பொய்யா சொல்றாக?” என்று உரக்கக் கேட்டாள். அந்த வார்த்தை அவளை உசுப்பிவிட்டது. எத்தனையோ வருஷம் ஊர் கும்பிட்ட மனுஷி.

“சரி, சகன் நாலு பேருக்குத்தான்” என்றாள் வேகமாக. “தேங்காயும் வெல்லமும் பொய்யா? நீயே சொல்லு சர்பு, அது பொய்யா? நீ திங்காமலா இப்படி ஆன?”

சர்புன்னிசா அவளையே பார்த்தாள்.

“பொய் இல்ல” என்றாள். “நான் எதுக்காகத் தின்னேன்னு ஒனக்குத் தெரியும். உலகத்துலயே ஒனக்கு மட்டுந்தான் தெரியும். அதையும் இவுகளுக்குச் சொல்லிரு செபஸ்தி. நான் நிக்கிறேன், சொல்லு.”

செபாஸ்தியம்மாள் பிரம்பைக் கீழே வைத்தாள். தலை குனிந்தது. சர்புன்னிசா துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஷரீஃபாவின் தோளைப் பிடித்தபடி வெளியே வந்தாள். குதிரைவண்டியில் ஏறும்வரை அவளுக்கு அழுகை வரவில்லை.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து மீரான் வீட்டுக்கு வந்தபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறொன்று உறைத்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் தொப்பியைச் சட்டைப் பையில் வைத்தார்.

“என்னங்க, தெரியுமா?”

“கண்காட்சி ஆரம்பிச்ச அன்னைக்கே ஷாப்புல பயலுக குசுகுசுன்னாங்க. போய்ப் பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“வந்துட்டேன்.”

“எடுங்கடான்னு சொல்லலயா?”

“ஊருசனம் பூரா நிக்கிது. அது எம்பொஞ்சாதின்னு நானே போய்ச் சொல்லச் சொல்றியா? கண்ணு மறைச்சிருக்கு, பேசாம இருந்தா ரெண்டு நாள்ல ஓஞ்சிரும்னு நெனைச்சேன்.”

அன்று வீட்டுக்கு வந்து இவர் எப்போதும்போலக் கை கழுவிச் சாப்பிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. சோறு வைத்ததும் அவள்தான். தன் மனைவி படமாகத் தெருவில் நிற்கிறாள் என்று தெரிந்தே அவள் கையால் வாங்கித் தின்றிருக்கிறார்.

“அம்புட்டு வெக்கமா இருந்துச்சா, என்னயச் சொல்லிக்க?”

மீரான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, “அந்தத் தேங்காய் வெல்லம்... அது நெசமா?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். ஜமால் பெயரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லி ரொம்பக் காலமாகியிருந்தது. சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபமும் இருந்தது.

“அவன் எனக்கும் புள்ளதான? என்கிட்ட ஏன் சொல்லல? ஊர்ல பிரசவம் பாக்குறவகிட்ட சொல்லத் தெரிஞ்சுச்சு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஷரீஃபா விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மீரான் கண்காட்சிக்குப் போனார். இந்தத் தடவை கூட்டத்தைப் பார்க்காமல் நேரே கொட்டகைக்குள் போய், “எடுங்க, அது என் வீடு” என்று சொல்லியிருக்கிறார். ஆனால் படம் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. சங்கதி எட்டியதும் மிஸ் ஹார்வுட்டே கழற்றச் சொல்லிவிட்டாளாம்.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்கே வந்தாள். கூட வந்தவள் சண்முகவள்ளி என்கிற பள்ளிக்கூட டீச்சர். மிஸ் ஹார்வுட் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

“இந்தத் தாம்பாளம் முழுக்க இவங்க ஒருத்தருக்கா, பக்கத்துல இருக்கவங்களுக்கும் சேர்த்தான்னு அன்னிக்கே கேட்டாங்களாம். ஒருத்தருக்குத்தான்னு சிஸ்டர் சொன்னாங்களாம். மத்தியான விஷயமும் அவங்க சொன்னதுதான். நீங்க சொல்லச் சொன்னதா சொன்னாங்களாம்.”

சர்புன்னிசா தலையை மட்டும் அசைத்தாள்.

“இப்ப நாலால வகுத்துப் பாத்தாங்களாம். நீங்க ஒரு வேளைக்குச் சாப்பிடுறது, இவங்க ஊர்ல இவங்க சாப்பிடுறதுல பாதிதான் வருதாம். மன்னிச்சுக்கணுங்கறாங்க. சரியா எழுதி, திருத்தி, படத்தைத் திரும்ப வைக்கிறோங்கறாங்க.”

“வேணாம். படத்தக் குடுத்துரச் சொல்லுங்க.”

மிஸ் ஹார்வுட் ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். டீச்சருக்கே அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது.

“இதே படம் ஒண்ணு முன்னாடியே அமெரிக்காவுக்குப் போயிருச்சாம். அங்க ஒரு கூட்டத்துல காட்டியாச்சாம். ஆனா அங்க உங்களை யாருக்குத் தெரியப் போகுது, கவலைப்படாதீங்கங்கறாங்க.”

“என்னயத் தெரியாட்டிப் போகுது” என்றாள் சர்புன்னிசா. “எங்க ஊருப் பொம்பள ஒருத்தியே ஒரு சகனத் திம்பாள்னு நெனைச்சிருப்பாகள்ல? அத யாரு போய் மாத்துறது?”

தானே எழுதித் திருத்துவதாக மிஸ் ஹார்வுட் வாக்குக் கொடுத்தாள். கோடைக்கு முன்னால் அவள் ஊருக்குப் போய்விட்டாள். திருத்தினாளா என்று தெரிந்துகொள்ள இங்கே யாருக்கும் வழியில்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் செபாஸ்தியம்மாள் வந்தாள். அடுக்களை வரை வரவில்லை, வாசல் நிலையிலேயே நின்றாள். வெளிநாட்டு ட்ரெயினிங், சம்பளம் கூடின உத்தியோகம் என்று பேசிக்கொண்டிருந்ததெல்லாம் கலைந்துவிட்டதென்று ஷரீஃபா மூலம் முன்பே காதில் விழுந்திருந்தது. ஆள் இளைத்திருந்தாள். கையில் பை இல்லை.

“வாங்க” என்றாள் சர்புன்னிசா. முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

செபாஸ்தியம்மாள் உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். “எல்லா நாட்டுலயும் இருக்கு, உங்க பக்கத்துல பருத்த ஆளு படம் மட்டும் இல்ல, அது இருந்தாத்தான் ஆராய்ச்சி முழுசாகும்னுச்சு அந்தம்மா. எனக்கு அந்த உத்தியோகத்து மேல ஆசை வந்துருச்சு சர்பு. இந்த ஊர்ல வேற எந்த வீட்டுக்குள்ள நான் காமிராவோட போக முடியும்? நீ ஒருத்திதான கதவத் தொறப்ப? ஒருத்தருக்கான்னு கேட்டப்ப, நாலு பேருக்குன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னா எல்லாம் போயிருமேன்னு...”

சர்புன்னிசா கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் எரிந்தது, ஆனால் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த மனுஷி கையைப் பிடித்துக்கொண்டு கத்திய காலம் வேறு. இன்றைக்கு இவள் முன்னால் சத்தமாக மூச்சு விடக்கூட மனம் துணியவில்லை. எதைக் கேட்டு, எங்கே போய்ச் சொல்வாளோ.

“ஷரீஃபா” என்று உள்ளே குரல் கொடுத்தாள். “சாயா கொண்டா.”

சாயா வந்தது. செபாஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரைக் கையில் வாங்கினாள். “ஏதாச்சும் பேசு சர்பு. திட்டவாவது செய்யி. மத்தியானத்துல இப்ப எப்படி இருக்க? மறுபடியும் அங்க...”

“நல்லாத்தான் இருக்கேன்” என்றாள் சர்புன்னிசா. “சீனி போதுமான்னு பாருங்க சிஸ்டர்.”

செபாஸ்தியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. குடிக்காமலே அதைத் தரையில் வைத்து எழுந்தாள். சர்புன்னிசா நிலைவரை கூடவே போனாள். வீட்டுக்கு வந்துபோகிற எந்த விருந்தாளியையும் அப்படித்தான் அனுப்பி வைப்பாள். “வெயிலா இருக்கு, ஓரமாப் பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.